சிரிக்கும் சேல்ஸ்மேனைப் பார்ப்பது எப்படி? களைத்துப்போனவர்களின் திகில் கதைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, காது வரை நீண்ட வாய், அதில் ஒன்று விடாமல் தெரியும் பற்கள். மொகுரோ ஃபுகுசோவின் இந்த முகத்தை அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பார்க்காதவர்கள்கூட எங்காவது ஒரு படத்திலோ ஸ்டிக்கரிலோ பார்த்திருக்கலாம். அவன் வரும் தொடரின் ஜப்பானியப் பெயர் 'வராவ் சேல்ஸ்மேன்'. சிரிக்கும் சேல்ஸ்மேன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வேலையிலும் வீட்டிலும் நசுங்கிக் கிடக்கும் ஒருவரை ஒவ்வொரு கதையிலும் அவன் தேடிப் பிடிக்கிறான். அவர் வெளியில் சொல்லாமல் வைத்திருந்த ஆசையை நிறைவேற்றி வைக்கிறான். அப்புறம் அவருடைய வாழ்க்கை சிதறுகிறது.

இதைப் பார்த்து முடித்தவுடன் நம் வாயில் வரும் முதல் தீர்ப்பு 'பேராசை பெருநஷ்டம்'. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தக் கதைகளில் சிக்குபவர்களில் பலர் எதற்கும் பேராசைப்படவில்லை. கொஞ்சம் ஓய்வு வேண்டும், யாராவது தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு மணி நேரமாவது யாரும் தன்னைத் தேடாமல் இருக்க வேண்டும் என்ற அளவில்தான் கேட்கிறார்கள். அதைக்கூடக் கேட்பதற்கு அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. திகில் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. அதைத் தவறவிடாமல் பார்ப்பதற்கு எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது, எப்போது நிறுத்துவது, அடுத்து எதற்குப் போவது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். ஒரே ஒரு கதையை மட்டும் முடிவு வரை சொல்லியிருக்கிறேன். அது வரும் இடத்தில் முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

படி 1: யார் கை வரைந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஃபுஜிகோ ஃபுஜியோ என்பது இரண்டு பேர் சேர்ந்து வைத்துக்கொண்ட ஒரே பெயர். ஃபுஜிமோட்டோ ஹிரோஷி, அபிகோ மோட்டோ இருவரும் தகாஓகா ஊரில் பள்ளிக்கூட நண்பர்கள். 1954இல் சேர்ந்தே டோக்கியோவுக்கு வந்து சிறுவர்களுக்கான மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைகள், வரைந்தார்கள். 1987இல் சண்டை இல்லாமல் பிரிந்தார்கள். ஃபுஜிமோட்டோ வரைந்தது டோரேமான். அபிகோ வரைந்தது நிஞ்ஜா ஹட்டோரி. ஆமாம், நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் பார்த்த அதே நிஞ்ஜா ஹட்டோரிதான். அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பை ஜப்பானின் ஷின்-எய் அனிமேஷனும் இந்தியாவின் ரிலையன்ஸ் மீடியாவொர்க்ஸும் சேர்ந்து தயாரித்தன. மொகுரோவை அனிமேவாக எடுத்ததும் அதே ஷின்-எய்.

பிரிவுக்குப் பிறகு அபிகோ 'ஃபுஜிகோ ஃபுஜியோ ஏ' என்று கையெழுத்திட்டார். 2022 ஏப்ரலில் 88 வயதில் இறந்தார். அவருடைய அப்பா ஹிமி என்ற கடலோர ஊரில் ஒரு புத்தக் கோவிலின் தலைமைக் குரு. அப்பா சீக்கிரமே இறந்துபோனதால் குடும்பம் கோவிலை விட்டு வெளியேற வேண்டி வந்தது. டோக்கியோவுக்கு வரும் முன் கொஞ்ச காலம் உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறார். அலுவலகத்துக்குப் போய் வருவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

1960களின் கடைசியில் பெரியவர்களுக்கான பத்திரிகைகளில் கறுப்பு நகைச்சுவைச் சிறுகதைகளை வரையத் தொடங்கினார். 1968இல் 'பிக் காமிக்' இதழில் மொகுரோ முதலில் தலைகாட்டினான். அப்போது தலைப்பு 'கருப்பு சேல்ஸ்மேன்'. 1969 முதல் 1971 வரை 'மங்கா சண்டே' இதழில் தொடராக வந்தது. அனிமே ஆனபோதுதான் 'சிரிக்கும்' என்று பெயர் மாறியது.

இந்த வரலாறு பார்ப்பதற்கு எப்படி உதவும்? படம் வரைந்திருக்கும் கோடுகளைப் பாருங்கள். உருண்டை முகம், எளிய கோடு, குழந்தைகளுக்கு வரையும் அதே கை. ஹட்டோரி வந்து குதிக்கக்கூடிய அதே தெருவில் மொகுரோ நடந்து வருகிறான். ரத்தமும் பேயும் இல்லாமலே வயிற்றைப் பிசைய வைப்பதற்கு அந்தக் குழந்தைத்தனமான கோடு ஒரு முக்கியக் காரணம்.

படி 2: எந்தப் பதிப்பிலிருந்து தொடங்குவது?

அனிமே இரண்டு இருக்கிறது. முதலாவது 1989 அக்டோபரிலிருந்து 1992 வரை டிபிஎஸ் தொலைக்காட்சியில், ஓஹாஷி க்யோசென் நடத்திய 'கிம்மி அ பிரேக்' என்ற இரவு நேர நிகழ்ச்சிக்குள் பத்து நிமிடப் பகுதியாக வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கதைகள். பெரியவர்கள் வேலை முடிந்து வந்து உட்காரும் நேரத்தில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சியின் நடுவில் வந்தது என்பதை நினைவில் வையுங்கள். மொகுரோவுக்குக் குரல் ஓஹிரா தோரு. ஆழமான, சாவகாசமான, கொழுத்த குரல். அந்த 'ஹோ ஹோ ஹோ' சிரிப்பு அவருடையது. 2016இல் காலமானார்.

இரண்டாவது 2017 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வந்த 'வராவ் சேல்ஸ்மேன் நியூ'. 12 எபிசோடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கதைகள். குரல் கெண்டா தெஸ்ஷோ. செல்போனும் கிரெடிட் கார்டும் புழங்கும் காலத்துக்குக் கதைகள் நகர்ந்திருக்கின்றன. ஆங்கில வசனவரிகளோடு கிரஞ்சிரோல் என்ற அனிமே இணையத்தளத்தில் வெளியானது.

என் ஆலோசனை: புதியதில் இரண்டு மூன்று எபிசோடு பாருங்கள், அப்புறம் பழையதற்குப் போங்கள். புதியது கைக்கு எட்டுகிறது, வேகமாக இருக்கிறது, கதையின் சட்டகம் சுலபமாகப் பிடிபடுகிறது. ஆனால் சரக்கு பழையதில்தான். பழையதில் இருட்டு நிஜமான இருட்டாக இருக்கிறது. காலியான தெரு, ஒரு விளக்குக் கம்பம், தூரத்தில் ரயில் சத்தம் என்று அவசரப்படாமல் நகரும். எல்லாமே தனித்தனிக் கதைகள் என்பதால் வரிசை பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

படி 3: 1989ஆம் ஆண்டின் ஜப்பானை மனதில் வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இது தெரியாமல் பார்த்தால் கதையில் வரும் ஆட்கள் காரணமில்லாமல் பலவீனமானவர்களாகத் தெரிவார்கள்.

1989 டிசம்பர் 29 அன்று நிக்கெய் பங்குக் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. அதுவரை எட்டாத உச்சம். 30 வருடங்களுக்கு மேல், 2024 வரை, அதை மறுபடி தொட முடியவில்லை. நகரங்களில் நிலத்தின் விலை கைக்கு எட்டாமல் போயிருந்தது. சம்பளக்காரர் சொந்த வீடு வாங்க வேண்டுமென்றால் டோக்கியோவிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போய், பல பத்தாண்டு கடனை ஏற்க வேண்டும். விளைவு, தினமும் ரயிலில் மணிக்கணக்கில் நின்றுகொண்டே பயணம். அதே வருடம் ஒரு சத்து பானத்தின் விளம்பரம் '24 மணி நேரமும் போராட உங்களால் முடியுமா?' என்று கேட்டது. அந்த வரி நாடு முழுக்க வாயில் புழங்கியது. கேலியாக அல்ல, பெருமையாக.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1988இல், வழக்கறிஞர்கள் சேர்ந்து ஒரு தொலைபேசி உதவி எண்ணைத் திறந்திருந்தார்கள். அதிக வேலையால் இறந்தவர்களின் குடும்பங்கள் அழைப்பதற்கான எண் அது. அப்படிச் சாவதை ஜப்பானியர் 'கரோஷி' என்கிறார்கள். 1982இலேயே அந்தப் பெயரில் நூல் வந்துவிட்டது. கரோஷியைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்ததோ 2014இல்தான். கூடுதல் நேர வேலைக்குத் தண்டனையோடு கூடிய உச்சவரம்பு 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த உச்சவரம்பே சில சூழல்களில் மாதம் 100 மணி நேரத்துக்கு மிக அருகில் வரை போக விடுகிறது.

இனி கதைக்குள் வரும் ஆளை யோசித்துப் பாருங்கள். காலையில் நெரிசல் ரயில். பகலில் மேலதிகாரி. வேலை முடிந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. மேலதிகாரி குடிக்கக் கூப்பிட்டால் போக வேண்டும், அது வேலையின் பகுதி. கடைசி ரயிலைப் பிடித்து நள்ளிரவில் வீடு. சம்பளம் அப்படியே மனைவியின் கைக்குப் போய், அவர் மாதச் செலவுக்கு எண்ணிக் கொடுப்பதுதான் இவருடைய சொந்தப் பணம். வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாகப் போவார்கள். வயது ஏறி உபயோகமில்லாமல் போனவர்களுக்கு வேலையே கொடுக்காமல் ஜன்னலோரமாக உட்கார வைத்துவிடுவார்கள். ஒரே கம்பெனியில் ஆயுள் முழுக்க இருப்பதுதான் வழக்கம் என்பதால் விட்டுவிட்டுப் போவது பலருக்குக் கற்பனையில்கூட வராது.

இந்த ஆளுக்குத்தான் மொகுரோ தன் விசிட்டிங் கார்டை நீட்டுகிறான். ஜப்பானில் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. எந்தக் கம்பெனி, என்ன பதவி என்பதை வைத்துத்தான் எவ்வளவு குனிய வேண்டும் என்றே முடிவாகும். மொகுரோவின் கார்டில் கம்பெனி பெயர் கிடையாது. அவன் பெயர் இருக்கிறது, மனதில் உள்ள இடைவெளிகளை நிரப்பித் தருவதாக ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான். கம்பெனி இல்லாத ஒரு கார்டைத் தன் வாழ்நாளில் முதல் முறையாக அவர் கையில் வாங்குகிறார்.

படி 4: ஒரு கதையை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

முதல் ஒன்றிரண்டு கதைகளைச் சும்மா பாருங்கள். அடுத்த கதைக்கு ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடக் கதை என்பதால் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

முன்னுரையில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு முறையும் மொகுரோ நேராக நம்மைப் பார்த்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். தான் விற்பது மனித மனம் என்கிறான். உலகத்தில் எல்லாரும் மனதளவில் தனியாக இருக்கிறார்கள் என்கிறான். காசு ஒரு பைசா வாங்கமாட்டேன், வாடிக்கையாளரின் திருப்தியே தனக்குக் கூலி என்கிறான். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கடைசி வரை அவன் காசு வாங்குவதில்லை. விலை சொல்லாத பொருளுக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்று வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை. தொடரில் எனக்குப் பிடித்த நுட்பம் இது. ஏமாற்றாமலே அழிக்கிறான்.

அடுத்து, வாடிக்கையாளரின் ஒரு நாள். இங்கே அவருடைய வாழ்க்கையில் யார் யார் அவரிடம் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். மேலதிகாரி வேலையைச் சொல்வார். மனைவி பணத்தையோ வீட்டையோ பற்றிச் சொல்வார். உறவினர்கள் உதவி கேட்பார்கள். எல்லா வாக்கியமும் அவரிடமிருந்து எதையோ கேட்கும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் ஆள் பட்டியலில் இருக்கமாட்டார்.

அப்புறம் சந்திப்பு. பார்க் பெஞ்சு, ரயில் மேடை, மதுக்கடை வாசல் என்று வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஓர் இடம். வாடிக்கையாளர் பார்ப்பதற்கு முன்பே பின்னணியில் அந்தக் கறுப்புத் தொப்பி தெரிகிறதா என்று தேடுங்கள். மொகுரோ பேசும் விதத்தையும் கேளுங்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் அந்தக் குரலின் பணிவு காதில் விழும். அளவுக்கு மீறிய மரியாதை. பெரும்பாலான கதைகளில் வாடிக்கையாளர் முதலில் தயங்குகிறார், 'வேண்டாம், பரவாயில்லை' என்கிறார். அந்த முதல் மறுப்பு எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேராசைக்காரர் மறுக்கமாட்டார். மறுப்பவரை உட்கார வைத்துப் பேசிப் பேசிக் கரைப்பதுதான் மொகுரோவின் தொழில்.

அந்தப் பேச்சு பெரும்பாலும் நடப்பது அவன் வழக்கமாகப் போகும் சின்ன பாரில். 'மா நோ சு', பேயின் கூடு, என்பது அதன் பெயர். மீசை வைத்த பார்காரர் ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் அங்கே மனம் விட்டுப் பேசுகிறார், மொகுரோ கேட்கிறான். குறுக்கே பேசாமல், அறிவுரை சொல்லாமல், கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்கிறான். நோட்டில் எழுதிய பட்டியலை இப்போது எடுத்துப் பாருங்கள். அந்த மனிதர் சொல்வதை உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் இவன்தான். அவன் நல்லவனா கெட்டவனா என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. மழையில் நனைந்துகொண்டிருப்பவனுக்குக் குடை நீட்டும் கையின் நகம் கண்ணில் படாது.

பிறகு பொருளோ இடமோ ஆளோ கைக்கு வருகிறது. கொஞ்ச நாள் சுகம். இந்தச் சுகக் காட்சிகளை அவசரமாகத் தாண்டாதீர்கள். அதுவரை தொங்கிக்கொண்டிருந்த தோள் நிமிர்கிறது, முகத்தில் நிறம் வருகிறது. அவரை வரைந்திருக்கும் கோடுகளின் தடிமன்கூடக் குறைவதைப் பார்க்கலாம். இவருக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான் என்று நமக்குத் தெரிவதும் இங்கேதான்.

கடைசியாக விரல். மொகுரோ கையை நீட்டி 'டோன்!' என்று கத்துகிறான். திரை அதிர்கிறது, வாடிக்கையாளர் அலறுகிறார், அவருடைய வாழ்க்கை ஒரேயடியாகத் திரும்பிவிடுகிறது. என்ன நடந்தது என்று மருத்துவ ரீதியாகவோ மாயமாகவோ விளக்கம் கிடையாது. மொகுரோ இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே இருட்டில் நடந்து போவான்.

படி 5: ஓர் உதாரணம் (இங்கே ஒரு கதையின் முடிவு இருக்கிறது)

பழைய தொடரின் ஆரம்பக் கதைகளில் ஒன்று, நம்பகமான முகம் கொண்ட ஒருவரைப் பற்றியது. அகலமான தாடை, உறுதியான பார்வை. அந்த முகத்தைப் பார்த்தாலே எல்லாரும் சாய்ந்துகொள்கிறார்கள். அலுவலகத்தில் கீழே இருப்பவர்கள், மேலே இருப்பவர்கள், வீட்டில் மனைவி, உறவுக்காரர்கள் எல்லாரும் 'நீங்கள் இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை' என்கிறார்கள். உண்மையில் அவர் கோழை மனம் கொண்டவர். யார் தோளிலாவது சாய வேண்டும் என்று ஏங்குபவர். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அதை யாரிடம் சொல்வது?

மொகுரோவிடம் சொல்கிறார். மொகுரோ அவரை ஒரு பெண்ணிடம் அழைத்துப் போகிறான். முடிவில் அவர் பேருருவம் கொண்ட அந்தப் பெண்ணின் அணைப்பில் கைக்குழந்தையைப் போல ஒடுங்கிக் கிடக்கிறார். திரும்பி வருகிற எண்ணமே அவருக்கு இல்லை.

பார்ப்பவர்கள் அருவருப்பு அடைகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தக் காட்சியில் மனதை அறுப்பது அவருடைய முகத்தில் இருக்கும் நிம்மதி. அவருக்கு என்ன நஷ்டம் என்று எழுதிப் பார்த்தால், மற்றவர்கள் அவர்மேல் வைத்திருந்த எதிர்பார்ப்புதான் நஷ்டம். தண்டனையும் விடுதலையும் ஒரே படத்தில் இருக்கின்றன. இதில் 'பேராசை பெருநஷ்டம்' எங்கே பொருந்துகிறது? குடும்பத் தலைவன் என்ற பெயரில் ஒருவர்மேல் எல்லாரும் ஏறி உட்கார்ந்துகொள்ளும் வழக்கம் நமக்கும் நன்றாகவே தெரியும் என்பதால் இந்தக் கதையை முதலில் பார்ப்பவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்.

படி 6: நிபந்தனையை வைத்துக் கதைகளைப் பிரியுங்கள்

ஐந்தாறு கதைகள் ஆனதும் ஒரு விஷயம் பிடிபடும். எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடிவதில்லை.

பல கதைகளில் மொகுரோ ஒரு நிபந்தனை போடுகிறான். ஒரு முறை மட்டும், இதற்கு மேல் வேண்டாம், இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பது போல. வாடிக்கையாளர் மீறுகிறார். பழமொழிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்த வகையைத்தான். ஆனால் நிபந்தனையின் தன்மையைப் பாருங்கள். பல நாள் தூங்காதவனுக்குக் கட்டிலைக் காட்டி, ஒரு மணி நேரம்தான் படுக்கலாம் என்று சொல்வது போன்ற நிபந்தனை. மீறப்படும் என்று தெரிந்தேதான் அவன் போடுகிறான்.

இன்னொரு வகையில் மீறலே இருக்காது. கேட்டது கிடைத்துக்கொண்டே போகும், அது நிற்காது. மூன்றாவது வகை அரிதாக வரும். மற்றவர்கள் கண்ணுக்கு நாசமாகத் தெரிகிற இடத்தில் வாடிக்கையாளர் சந்தோஷமாக இருப்பார். மேலே சொன்ன கதை இந்த எல்லையில் நிற்கிறது. இந்த மூன்றாவது வகையைக் கண்டால் குறித்து வைத்துக்கொண்டு மறுபடியும் பாருங்கள். அபிகோ தன் பாத்திரங்கள்மேல் வைத்திருந்த இரக்கம் அங்கேதான் வெளியே தெரிகிறது.

படி 7: உறுத்தும் இடங்களை மழுப்பாதீர்கள்

பழைய தொடர் ஆண்களின் பார்வையில் எழுதப்பட்டது. பெண்கள் பெரும்பாலும் நச்சரிக்கும் மனைவியாக அல்லது மயக்கும் அந்நியப் பெண்ணாக வருகிறார்கள். அந்த மனைவி நாள் முழுக்கத் தனியாக ஒரு தொலைதூர வீட்டில் கடனைக் கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்தாளே, அவளுடைய மனதின் இடைவெளி என்ன ஆனது என்ற கேள்வி அநேகமாக எழுவதே இல்லை. பெரிய குறை இது. 2017 தொடரில் பெண் வாடிக்கையாளர்களுக்கு இடம் கிடைத்திருப்பது நல்ல மாற்றம், முழுமையாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

குடியும் பாலியல் குறிப்புகளும் நிறைய உண்டு. டோரேமான் மாதிரி கோடுகளைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டிவிடாதீர்கள்.

படி 8: எவ்வளவு, எப்போது

ஒரு நாளைக்கு இரண்டு கதை போதும். தொடர்ச்சியாகப் பத்து பார்த்தால் சட்டகம் மட்டும் கண்ணில் நிற்கும், ஆட்கள் கரைந்துபோவார்கள். 'அடுத்தவன் எப்படி மாட்டுவான்' என்ற ஆர்வம் வந்துவிட்டால் நிறுத்திவிட்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள். அந்த ஆர்வத்தில் பார்க்கும்போது நாம் மொகுரோவின் பக்கத்தில் போய் நிற்கிறோம்.

நீங்களே இரவு ஷிப்டிலோ, முடியாத வேலைக் கெடுவிலோ, தூக்கமில்லாத வாரத்திலோ இருந்தால் இப்போதைக்கு இதைத் தள்ளிப் போடுங்கள். இந்தத் தொடர் களைப்பை மிக நெருக்கமாகத் தெரிந்துவைத்திருக்கிறது, ஆனால் அதிலிருந்து வெளியேற எந்த வழியும் காட்டுவதில்லை. பார்த்த பிறகு மனம் கனமாகவே இருந்தால், வாழ்க்கை வேண்டாம் என்ற நினைப்பு வந்தால், உடனே நெருங்கிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது.

படி 9: அடுத்து எதைப் பார்ப்பது?

மொகுரோ பிடித்துவிட்டால் அடுத்த படி 'பாரனோயா ஏஜென்ட்'. கோன் சதோஷி இயக்கி, மேட்ஹவுஸ் தயாரித்து, 2004இல் வந்தது. 13 எபிசோடுகள். மரோமி என்ற குட்டி நாய்ப் பொம்மையை வடிவமைத்துப் புகழ்பெற்ற பெண்ணுக்கு, அடுத்த வெற்றியைக் கொண்டு வா என்று அலுவலகத்தில் நெருக்கடி. ஓர் இரவு வீட்டுக்குப் போகும் வழியில், தங்க நிற உருளைச் சக்கரக் காலணியும் வளைந்த மட்டையும் கொண்ட ஒரு சிறுவன் அவளைத் தாக்குகிறான். அப்புறம் நகரமெங்கும் மூலையில் தள்ளப்பட்ட ஆட்களை ஒவ்வொருவராக அவன் தேடி வருகிறான். அடிபட்டவர்களுக்கு அது ஒரு விதத்தில் விடுப்பு. மொகுரோ கேட்டதைக் கொடுக்கிறான் என்றால், இந்தச் சிறுவன் இனி எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிலையைக் கொடுக்கிறான்.

முழுத் தொடரையும் முதலிலிருந்து பாருங்கள், ஆனால் 10ஆம் எபிசோடுக்கு வரும்போது நோட்டை மறுபடி எடுங்கள். மரோமியை வைத்து ஒரு அனிமே எடுக்கும் குழுவின் கதை அது. ஒளிபரப்புக்கு நேரம் நெருங்குகிறது, யாரும் சரியாகத் தூங்கவில்லை, தயாரிப்பு உதவியாளன் ஒருவன் தப்பு மேல் தப்பு செய்கிறான். எல்லாரும் அவன்மேல் எரிந்து விழுகிறார்கள். இடையிடையே அனிமே தயாரிப்பில் யாருக்கு என்ன வேலை என்று பாடம் போல விளக்கமும் வருகிறது. ஒவ்வொரு பதவியும் விளக்கப்பட விளக்கப்பட அந்தப் பதவியில் இருப்பவர் காணாமல் போகிறார். அவர்கள் உயிரைக் கொடுத்து எடுக்கும் படத்தில், மரோமி ஒரு பையனிடம் கொஞ்சம் ஓய்வெடு என்கிறது. அனிமே தொழிலின் உள்ளே இருந்தவர்கள் தங்கள் வேலையைப் பற்றி இவ்வளவு கோபமாக எடுத்த இருபது சொச்சம் நிமிடங்கள் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மனம் லேசாக வேண்டுமென்றால் 2023இல் வந்த 'ஜோம் 100'. மூன்று வருடம் கசக்கிப் பிழியப்பட்ட இளைஞன் ஒருவன் ஒரு காலையில் வெளியே வந்து பார்க்கிறான், ஊரெங்கும் ஜாம்பி. இன்று வேலைக்குப் போக வேண்டாம் என்பது புரிந்ததும் சந்தோஷத்தில் கத்துகிறான். முதல் எபிசோடு அபாரம், பின்னால் கொஞ்சம் தளர்கிறது. அந்தத் தொடரே தயாரிப்புக் கெடுவைப் பிடிக்க முடியாமல், கடைசி மூன்று எபிசோடுகள் டிசம்பர் வரை தள்ளிப்போயின.

விலையை முதலிலேயே சொல்லிவிடும் கதைகளோடு ஒப்பிட நினைத்தால் 2006இன் 'ஹோலிக்', 2005இன் 'ஜிகோகு ஷோஜோ' இரண்டிலும் சில எபிசோடுகள் போதும். முன்னதில் ஆசைக்குச் சமமான விலையைக் கடைக்காரி கேட்டு வாங்குகிறாள். பின்னதில் பழிவாங்கினால் உன் ஆன்மாவும் நரகத்துக்குப் போகும் என்று முகத்துக்கு நேரே சொல்லப்படுகிறது. வெளிப்படையாக விலை சொன்னாலும் மனிதர்கள் கையெழுத்துப் போடத்தான் செய்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம்.

கடைசியாக 'காய்ஜி', 2007. திகில் வகையில் சேராது, ஆனால் இந்தப் பட்டியலில் இல்லாமல் முடியாது. கூட வேலை செய்த ஒருவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் கதை. கடன் வாங்கியவன் ஓடிவிட்டான், 3 லட்சம் யென் கடன் வட்டி ஏறி 38 லட்சத்து 50 ஆயிரமாகி இவன் தலையில் விழுகிறது. கடன் கொடுத்தவர்களின் ஆள் எண்டோ வீடு தேடி வந்து, ஒரு கப்பலில் ஓர் இரவு சூதாடினால் மொத்தமும் தீர்ந்துவிடும் என்கிறான். முதல் எபிசோடின் அந்தப் பேச்சை மட்டும், மொகுரோவின் பாரில் நடக்கும் ஏதாவது ஒரு பேச்சோடு அடுத்தடுத்துப் பாருங்கள். எண்டோ அவசரப்படுத்துகிறான், இடம் நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று பயம் காட்டுகிறான். மொகுரோ அவசரப்படுத்துவதே இல்லை. இன்னொரு தம்ளர் ஊற்றச் சொல்லிவிட்டு, மீதியையும் சொல்லுங்கள் என்பது போல உட்கார்ந்திருப்பான்.